மட்டக்களப்பு, அம்பாறைக் கழக சைக்கிளோட்டப் போட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா நெருங்கும்போதும், பிரதேச விளையாட்டு விழா அறிவித்தல் ஒட்டப்படும்போதும், புதிதாக ஓட வரும் தம்பி தங்கைகளும் அவர்களுடைய பெற்றோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வேலைக்குப் போய்வந்து, கிடைக்கிற நேரத்தில் சைக்கிள் ஓடுகிறவர்களுக்காக அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வெல்வதைப் பற்றி இதில் குறைவாகத்தான் இருக்கும். கூட்டத்தோடு சேர்ந்து ஓடவும் காற்றைப் புரிந்துகொள்ளவும் பழகினவர் நல்ல ஓட்டக்காரர் ஆகிவிடுவார் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் அந்த இரண்டையும் பற்றி நீளமாக எழுதியிருக்கிறேன்.

அண்ணன், லுமாலா மாதிரிச் சாதாரண சைக்கிளில் ஓட ஏலுமா? கியர் சைக்கிள் கட்டாயமா?

ஏலும். ஊர்ப் போட்டிகள் பலவற்றில் சாதாரண சைக்கிளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கும். அறிவித்தலில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாதாரண சைக்கிள் பிரிவில் எல்லோருக்கும் ஒரே சுமை, ஒரே கியர். அங்கே காலும் மூச்சும்தான் பேசும். கியர் சைக்கிள்காரர்களோடு சேர்த்து விடுகிற திறந்த போட்டியில் லுமாலாவோடு நின்றால், முதல் சில கிலோமீற்றரிலேயே தனித்துப் போவீர்கள். அது உங்கள் குறையில்லை.

இருக்கிற சைக்கிளையே சரிசெய்யலாம். விதி அனுமதித்தால் கரியல், ஸ்டாண்ட், பின் மட்காட் மூன்றையும் கழற்றுங்கள். செயினை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, ஒயில் விட்டு, மேலே நிற்கிற ஒயிலை மறுபடி துடைத்து எடுங்கள். ஒயில் வழிகிற செயினில் எங்கள் கடற்கரை மணல் போய் ஒட்டினால் இரண்டு நாளில் அரைக்கத் தொடங்கிவிடும். சில்லைச் சுழற்றிப் பாருங்கள். பிரேக் கட்டையில் உரசினால் சைக்கிள் கடையில் கொடுத்துக் கம்பி இழுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஆசன உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி இருந்து, குதிக்காலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்து நிற்கும். எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் ஆசனத்தைத் தாழ வைத்து ஓடி, முழங்கால் நோவென்று எண்ணெய் தேய்க்கிறார்கள். அரை அங்குலம் உயர்த்தினாலே பலருக்கு அந்த நோ போய்விடும்.

ரேஸ் சைக்கிள் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

ஜப்பானிலிருந்து வருகிற பாவித்த சைக்கிள்கள் தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். முதலில் உங்கள் உயரத்துக்குச் சரியா என்று பாருங்கள். விலை குறைவென்று பெரிய பிரேம் எடுத்தால் முதுகும் கழுத்தும் பிடிக்கும். ஹாண்டில் பிரேமோடு சேருகிற இடத்திலும், பெடல் தண்டு பிரேமோடு சேருகிற இடத்திலும் பெயின்ட் மயிரிழை அளவு வெடித்திருந்தால் அதை வாங்க வேண்டாம். றிம்மில் பிரேக் பிடிக்கிற பக்கம் குழிந்திருந்தால் றிம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ரயர், ரியூப், செயின் மூன்றையும் எப்படியும் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

ரயரில் மெல்லியதுதான் வேகம் என்று நம்ப வேண்டாம். எங்கள் வீதிகளுக்கு 25 அல்லது 28 மில்லிமீற்றர் ரயர் நல்லது. 28 ரயருக்கு 70 முதல் 80 பீ.எஸ்.ஐ. வரை காற்று போதும். கல் மாதிரி அடித்தால் ரயர் துள்ளும், பிடிப்புக் குறையும்.

கழகத்தில் சேராமல் ஓடலாமா?

ஊர்ப் போட்டிகளில் பெரும்பாலும் தனியாகவும் விடுவார்கள். ஆனால் தேசிய விளையாட்டு விழா பிரதேசம், மாவட்டம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாகப் போவது. அந்தப் பாதையில் போக நினைத்தால், உங்கள் பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரைக் கண்டு கதையுங்கள். பதிவுசெய்த கழகங்கள் எவை, பிரதேச மட்டப் போட்டி எப்போது என்பதெல்லாம் அவரிடம் இருக்கும். கழகத்தில் சேரச் சொல்வதற்கு எனக்கு வேறு காரணமும் உண்டு: தனியாகப் பயிற்சி செய்கிறவருக்குக் கூட்டத்தில் ஓட வராது.

எவ்வளவு தூரம் ஓட வேண்டிவரும்?

புத்தாண்டு விழாப் போட்டிகள் ஊர் எல்லைக்குள் சுற்றி முடியும். பெரிய வீதியில் நடக்கிறவை நீளமானவை. கல்லடியில் தொடங்கிக் களுவாஞ்சிக்குடி போய்த் திரும்பினால் 50 கிலோமீற்றர் அளவு, கல்முனை வரை போய்த் திரும்பினால் 80-ஐ ஒட்டி வரும். எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) வீதியில் பாலங்களைத் தவிர ஏற்றமே இல்லை. ஏற்றம் இல்லாதபடியால் இலேசு என்று நினைப்பார்கள். உண்மையில் மட்டமான வீதியில் ஓய்வும் இல்லை. இறக்கம் வந்தால்தானே காலை நிறுத்தலாம்?

கூட்டத்துக்குள் ஓடப் பயமாக இருக்கிறது. அது ஏன் அவ்வளவு முக்கியம்?

மட்டமான வீதியில் வேகமாக ஓடும்போது உங்கள் சக்தியில் மிகப் பெரிய பங்கு காற்றைக் கிழிக்கத்தான் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைத் தாண்டி ஓடத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். முன்னால் ஒருவர் போக, அவருடைய பின் சில்லுக்குக் கிட்ட ஓடினால் அந்தச் சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிச்சம். இருபது பேர் கூட்டத்தின் நடுவில் இருந்தால் இன்னும் மிச்சம். அதனால்தான் தனியாக முந்திப் போன பலசாலியைக் கூட்டம் பிடித்துவிடுகிறது.

கிட்ட ஓடுவதற்கு முறை உண்டு. தொடக்கத்தில் ஒரு சைக்கிள் நீள இடைவெளி விடுங்கள், பழகப் பழகக் குறைக்கலாம். முன்னால் போகிறவரின் சில்லையே முறைத்துப் பார்க்காதீர்கள். அவருடைய தோளுக்கு மேலால், அவருக்கும் முன்னால் போகிறவரைப் பாருங்கள். கை எப்போதும் பிரேக்கில் இருக்கட்டும், ஆனால் பிடிக்க வேண்டாம். வேகம் கூடிவிட்டால் மிதிப்பதை நிறுத்துங்கள், அல்லது கொஞ்சம் நிமிர்ந்து நெஞ்சில் காற்றை வாங்குங்கள், வேகம் தானாகக் குறையும். கூட்டத்தின் நடுவில் ஒருவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் ஐந்து பேர் விழுவார்கள்.

இன்னொன்றை ஒருநாளும் மறக்கக் கூடாது. உங்கள் முன் சில்லை மற்றவரின் பின் சில்லுக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டாம். அவர் குழிக்கு விலகி அரை அடி அசைந்தால் இரண்டு சில்லும் முட்டும். அப்போது விழுவது முன்னால் போகிறவர் அல்ல, பின்னால் இருக்கிற நீங்கள்தான். நேராகப் பின்னால் இருங்கள், அல்லது முழுதாக விலகி நில்லுங்கள்.

வாயையும் பாவியுங்கள். "குழி", "மணல்", "மாடு", "பஸ் நிக்குது" என்று முன்னால் போகிறவர் கத்த வேண்டும். கேட்டவர் பின்னாலிருப்பவருக்குக் கத்த வேண்டும். கையால் காட்டலாம், ஆனால் குழி கிட்ட வந்த பிறகு கையை எடுக்க வேண்டாம்.

முன்னால் இழுப்பதற்கும், அதாவது கூட்டத்துக்கு முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு ஓடுவதற்கும், முறை உண்டு. அரை நிமிடம் இழுத்துவிட்டு, பின்னால் பார்த்து, விலகி, மெதுவாகக் கூட்டத்தின் கடைசிக்குப் போங்கள். விலகும்போது வேகத்தைக் கூட்டாதீர்கள். தன் பலத்தைக் காட்ட ஐந்து நிமிடம் இழுக்கிறவர் கடைசிப் பத்துக் கிலோமீற்றரில் காணாமல் போவார்.

கச்சான் காலத்தில் காற்றுத் தள்ளுகிறது. என்ன செய்வது?

எங்கள் பக்கத்துப் போட்டிகளைத் தீர்மானிப்பதே காற்றுத்தான். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை பெரிய வீதி கடற்கரையை ஒட்டி வடக்குத் தெற்காகப் போகிறது. கச்சான் காற்று மேற்கு, தென்மேற்குப் பக்கத்திலிருந்து வருகிறது. காலை ஏறினால் கடற்காற்றுக் கிழக்கிலிருந்து அடிக்கும். ஆக, அதிகமான நேரம் காற்று உங்களுக்கு விலாப் பக்கத்தால்தான் வரும்.

பக்கக் காற்றில் நேரே பின்னால் ஓடினால் மறைப்புக் கிடைக்காது. காற்று வலப் பக்கமிருந்து வந்தால், முன்னால் போகிறவரின் இடப் பக்கமாகச் சற்றுப் பின்தங்கி ஓட வேண்டும். கச்சானில் தெற்கே, அதாவது கல்முனைப் பக்கம் போகும்போது நிலைமை இதுதான். எல்லோரும் இடக்கரைக்கு ஒதுங்குவார்கள். நான்காவது ஐந்தாவது ஆளுக்கு வீதி முடிந்து மணல் தொடங்கிவிடும். அவர்களுக்கு மறைப்பில்லை, அங்கேதான் கூட்டம் உடைகிறது. அப்படியான நாளில் முதல் சில பேருக்குள் இருந்துவிடுங்கள், இல்லாவிட்டால் உடைந்த இரண்டாவது கூட்டத்தில் ஆட்களைச் சேர்த்து முறைவைத்து இழுங்கள்.

திரும்பி வடக்கே வரும்போது அதே காற்று இடப் பக்கமாகிவிடும். இப்போது மறைப்பு இருப்பது வலப் பக்கத்தில், வீதியின் நடுவை நோக்கி. எதிரே பஸ்ஸும் லொறியும் வருகிற பக்கம் அது. வீதியை முழுதாக மறிக்காத போட்டியில் நடுக்கோட்டைத் தாண்டி ஒதுங்கவே கூடாது. மறைப்புக் கிடைக்காவிட்டால் கிடைக்காமல் போகட்டும். ஒரு மெடலுக்காக எதிர்ப் பக்கம் போகிற பிள்ளையைக் கண்டால் என் நெஞ்சு பதறும். கழகத்துப் பெரியவர்கள் இதைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பாலங்கள் தனி. கல்லடிப் பாலத்திலும் கோட்டைக்கல்லாற்றுப் பாலத்திலும் வீடும் மரமும் இல்லாதபடியால் வாவிக் காற்று முழுதாக அடிக்கும். ஏறும்போதே ஹாண்டிலை உறுதியாக, ஆனால் இறுக்காமல் பிடியுங்கள். பாலத்து இரும்பு இணைப்புகளைச் சரிவாகக் கடக்க வேண்டாம், சில்லு நேராகப் போகட்டும். மழை நாளில் அந்த இரும்பும் வீதியில் அடித்த வெள்ளைக் கோடும் வழுக்கும்.

மாடு, நெல், மணல், யானை?

நான்கும் உண்மைதான். விடியப்புறம் மாடுகள் சூடான தாரில் படுத்திருக்கும், இருட்டில் கறுப்பு மாடு தெரியாது. சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்கு உதிக்கிறது. அதற்கு முன்னால் வெளிக்கிட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் வெளிச்சம் கட்டாயம்.

அறுவடைக் காலத்தில் படுவான்கரையிலும் (வாவிக்கு மேற்குப் பக்கம்) சம்மாந்துறைப் பக்கமும் வீதியோரம் நெல் காயப் போட்டிருப்பார்கள். நெல்லின் மேல் மெல்லிய ரயர் உருண்டுவிடும். அந்த வீதிகளில் ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள், நெல்லுக்குச் சொந்தக்காரரோடு சண்டை வேண்டாம். வீதியோர நெருஞ்சி முள் ரயரைத் துளைக்கும். ஓடி முடித்ததும் ரயரைக் கையால் தடவிப் பார்த்து முள்ளை எடுத்தால் நாளைய பஞ்சர் மிச்சம்.

யானைக்கு என் பதில் ஒன்றுதான். பொத்துவிலிலிருந்து லகுகல தாண்டி சியம்பலாண்டுவைப் பக்கம் போகிற வீதியிலும், அம்பாறைக்கு அப்பால் காட்டோர வீதிகளிலும் இருட்டில் பயிற்சி செய்ய வேண்டாம். அந்தப் பாதையில் நீண்ட ஓட்டம் வேண்டுமானால் நன்றாக விடிந்த பிறகு, கூட்டமாகப் போங்கள்.

வேலைக்குப் போகிறேன். பயிற்சிக்கு நேரம் எங்கே?

கிழமைக்கு மூன்று ஓட்டம் போதும். ஒருநாள் கடும் ஓட்டம்: நன்றாகச் சூடேறிய பின் மூன்று நிமிடம் மூச்சிரைக்க, மூன்று நிமிடம் மெதுவாக, இதை ஐந்து தடவை. இன்னொரு நாள் ஒரு மணித்தியாலம், கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். விடுமுறை நாளில் கழகத்தோடு நீண்ட ஓட்டம், போட்டித் தூரத்துக்குக் கிட்டவாக. ஆறு கிழமை இப்படி ஓடினால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். போட்டிக்கு முந்தின கிழமை தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். கடைசி மூன்று நாளில் வெறிபிடித்து ஓடினால் களைத்த காலோடுதான் தொடக்கக் கோட்டில் நிற்பீர்கள்.

கியர் சைக்கிள்காரருக்கு ஒரு வார்த்தை. பெரிய கியரைப் போட்டு அழுத்தி மிதிப்பது பார்க்க வீரமாக இருக்கும். நிமிடத்துக்கு 80, 90 சுற்று வரும்படி இலேசான கியரில் மிதிக்கப் பழகுங்கள், முழங்கால் பிழைக்கும்.

என்ன சாப்பிடுவது? தண்ணி எவ்வளவு?

முதல் நாள் இரவு வழக்கமான சோறு, கறி. எண்ணெயும் உறைப்பும் குறைவாக இருந்தால் நல்லது. காலையில் போட்டிக்கு இரண்டு, இரண்டரை மணித்தியாலத்துக்கு முன் இடியப்பமோ பாணோ, இரண்டு வாழைப்பழமோ. தயிரைப் போட்டி முடிந்த பிறகு சாப்பிடுங்கள். ஓடும்போது பொக்கற்றில் பேரீச்சம்பழம் வைத்திருங்கள். விதையை எடுத்துவிட்டு வையுங்கள், மிதித்துக்கொண்டு விதை துப்புவது சிரமம்.

எங்கள் வெயிலில் மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் தண்ணி வேண்டும், வியர்வை கூடுதலானவர்களுக்கு முக்கால் லீற்றர். தாகம் வருமட்டும் காத்திருக்காமல் கால் மணிக்கொரு தரம் இரண்டு மிடறு குடியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஓட்டமென்றால் வெறும் தண்ணி போதாது, உப்பும் வேண்டும். ஒரு ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல் தூள்) பக்கற்றை ஒரு லீற்றர் தண்ணியில் கரைக்கலாம், அல்லது தேசிக்காய், உப்பு, சீனி கரைக்கலாம். பயிற்சியில் குடித்துப் பழகாத எதையும் போட்டியன்று குடிக்காதீர்கள்.

ஒருவர் பேச்சுக் குழறி, தள்ளாடி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெறும் களைப்பு அல்ல. நிழலில் படுக்க வைத்து, தலையிலும் கழுத்திலும் கக்கத்திலும் தண்ணி ஊற்றி, விசிறி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

என் மகள் ஓட ஆசைப்படுகிறாள். விடலாமா?

தாராளமாக விடுங்கள், அம்மா. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பாடசாலை விடுகிற நேரம் வீதியைப் பாருங்கள், எத்தனை பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். ஓடத் தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர், போட்டி வாய்ப்புத்தான் குறைவு. உடுப்பு முழுக் கையாகவும் முழுக் காலாகவும் இருக்கலாம், தலையை மூடிக்கொண்டும் ஓடலாம். தொங்குகிற துணி செயினிலோ கம்பியிலோ மாட்டாமல் இருந்தால் சரி, ஹெல்மெட் அதற்கு மேல் இறுக்கமாக இருக்க வேண்டும். பயிற்சிக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாகச் சேர்ந்து போகட்டும். போட்டி நடத்துகிற கழகங்களிடம் பெண்கள் பிரிவு கேளுங்கள். நான்கு தாய்மார் சேர்ந்து போய்க் கேட்டால் மறுக்கிற கழகத்தை நான் இன்னும் காணவில்லை.

பரலைச் சுற்றித் திரும்பும் இடத்தில் எல்லோரும் முட்டுகிறார்களே?

போய்த் திரும்புகிற போட்டியில் வீதி நடுவில் ஒரு பரல் (பீப்பாய்) வைத்திருப்பார்கள். முழு வேகத்தில் வந்த கூட்டம் நடை வேகத்துக்கு இறங்கி, ஒரு புள்ளியைச் சுற்றி, மறுபடி வேகம் எடுக்க வேண்டும். முதல் ஐந்து பேர் சுகமாகத் திரும்பிப் போய்விடுவார்கள். கடைசியில் நிற்கிறவர்கள் அந்த இடைவெளியை அடைக்கத் தங்கள் சக்தி முழுவதையும் கொட்ட வேண்டும். ஆகவே திரும்பலுக்கு ஒரு கிலோமீற்றர் முன்பே முன்னுக்கு நகர்ந்துவிடுங்கள். திரும்பும் முன்பே இலேசான கியருக்கு மாறுங்கள், நின்ற பிறகு மாற்றப் போனால் செயின் கழரும். பிரேக்கை நேராகப் போகும்போது பிடித்து, வளையும்போது விட்டுவிடுங்கள். உள் பெடல் மேலே இருக்கட்டும். அந்த இடத்தில் மணல் இருந்தால் முதல் நாளே துடைப்பம் கொண்டுபோய்க் கூட்டிவிடுவது நடத்துகிறவர்களின் கடமை.

கூட்டம் என்னை விட்டுப் போய்விட்டால் நிறுத்தவா?

வேண்டாம். உங்களைப் போல விடுபட்டவர்கள் முன்னாலும் பின்னாலும் இருப்பார்கள், அவர்களோடு சேர்ந்து முறைவைத்து இழுத்து வந்து முடியுங்கள். பெரிய வீதியில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். காத்தான்குடிப் பேரீச்ச மரங்களுக்குக் கீழும், செட்டிபாளையத்துச் சந்தியிலும், மருதமுனையிலும் பிள்ளைகள் தண்ணிப் போத்தலோடு நிற்பார்கள். கடைசியாக வருகிறவருக்குத்தான் அவர்கள் கூடச் சத்தம் போடுவார்கள்.

விழுந்தால்?

வீதியை விட்டு ஓரத்துக்கு வாருங்கள். தலை அடிபட்டு மயக்கம், வாந்தி, குழப்பம் எது இருந்தாலும் அன்றைக்கு மறுபடி ஏறக் கூடாது, வைத்தியரிடம் போக வேண்டும். அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதைப் பாவிக்க வேண்டாம். உரசல் காயத்தில் இருக்கிற மணலைச் சோப்பும் தண்ணியும் போட்டு முழுதாகக் கழுவுங்கள், ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள்.

எங்கள் ஊரில் ஒரு போட்டி வைக்க விருப்பம். எங்கே தொடங்குவது?

பொலிஸ் அனுமதியில் தொடங்குங்கள். எழுத்தில் கேளுங்கள், பாதையை வரைந்து கொடுங்கள். பிரதேச சபைக்கும் விளையாட்டு உத்தியோகத்தருக்கும் பிரதி கொடுங்கள். நாளைத் தெரிவுசெய்யும்போது பாதையிலுள்ள கோயில் திருவிழா, தேவாலயப் பூசை நேரம், ஜும்ஆ நேரம் மூன்றையும் பாருங்கள். போயா விடுமுறைக் காலை வாகனம் குறைவு. ஒவ்வொரு சந்தியிலும் கொடியோடு இரண்டு பேர், முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள், கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வாகனம், அம்பியூலன்ஸ் ஒன்று. இதில் ஒன்று குறைந்தாலும் போட்டியைத் தள்ளி வையுங்கள். பரிசுக் காசு குறைந்தால் ஒருவரும் சாக மாட்டார்கள்.

முடிவுக் கோட்டை நேரான, அகலமான இடத்தில் போடுங்கள். கோட்டுக்கு அப்பால் இருநூறு மீற்றராவது வெறுமையாக இருக்க வேண்டும். முதல் ஆள் கோட்டைத் தாண்டினதும் பார்க்க வந்தவர்கள் வீதிக்குள் ஓடி வருவார்கள், முழு வேகத்தில் வருகிறவருக்கு நிற்க இடம் வேண்டும். அங்கே வீதியின் இரு ஓரமும் கயிறு கட்டுங்கள்.

போட்டிக்கு முதல் நாள் இரவு என்ன செய்ய?

ரயரைப் பாருங்கள், காற்றடியுங்கள், பிரேக்கை அழுத்திப் பாருங்கள். இலக்கத் துண்டை நாலு மூலையிலும் ஊசி குத்துங்கள், இரண்டு ஊசியில் விட்டால் காற்றில் படபடத்து வழி முழுக்க அடித்துக்கொண்டே வரும். புதுச் சப்பாத்து, புது ஆசனம் எதையும் நாளைக்குத் தொடங்க வேண்டாம். போத்தலை நிரப்பி வையுங்கள். அப்புறம் நித்திரை வராவிட்டாலும் பரவாயில்லை, படுத்திருங்கள்.